காய் வெந்த தண்ணீர்

சிறுநீரகம் கெட்டுப்போன ஆள் வீட்டில் இருந்தால், காய்கறி வெந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். யார் என்ன சொன்னாலும் கொட்டிவிடுங்கள். சமையல் தெரிந்த கிழவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அதில்தான் சத்து இருக்கிறது என்று சொன்னால் அவள் பேச்சைக் கேட்காதீர்கள். அவள் சொல்வது உண்மைதான். உண்மையாக இருப்பதுதான் ஆபத்து. இதைச் சொல்வதற்குத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் நான் எப்படி அதைத் தெரிந்துகொண்டேன் என்பது.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. நான் எழுதி வைப்பதை என் மருமகள் சரோஜா பிழை பார்த்துத் தருகிறாள். அவளைப் பற்றி இதில் வருவதையும் அவளேதான் படிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தைத் திருத்து, விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

தாராவியில் இருபத்தாறு வருஷம் சோறு ஆக்கிப் போட்டவள் நான். தோல் பட்டறை ஆட்கள், பழைய பிளாஸ்டிக் பிரிக்கிற ஆட்கள் என்று நாற்பது பேர்வரை என்னிடம் இரண்டு வேளையும் சாப்பிட்டார்கள். என் கைக்குக் குறை சொன்னவன் ஒருவன் கிடையாது. கீரையை நறுக்கிவிட்டுக் கழுவுகிறவளைக் கண்டால் எனக்கு ஆகாது. கழுவிவிட்டுத்தான் நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிச் சத்து அலசின தண்ணீரோடு போய்விடும். காய்க்குத் தண்ணீர் அளந்து வைக்க வேண்டும். வெந்தபின் மிஞ்சுகிற தண்ணீரை ஒரு சொட்டுக்கூட நான் கொட்டியதில்லை. மிளகு, சீரகம், இரண்டு பல் பூண்டு தட்டிப் போட்டு, கொஞ்சம் புளி கரைத்துவிட்டு, நுரை கூடும்போது இறக்கினால் ரசம். என் மகன் கணேசனைச் சின்ன வயசில் அந்த ரசமும் சோறுமாகவே வளர்த்தேன். அவன் காய்ச்சல் என்று படுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருஷம் தாண்டிவிட்டது. மாத்திரையைச் சில மாதம் போட்டேன், சில மாதம் போடவில்லை. அடுப்படியில் நிற்கிறவளுக்கு என்ன வந்துவிடும் என்கிற நினைப்பு. முதலில் மூக்கில்தான் தெரிந்தது. ஒரு நாள் சரோஜா கடுகு தாளித்தாள். அந்த வாசனை எனக்குக் குமட்டியது. ஆயுசு முழுக்கத் தாளித்தவளுக்குத் தாளிக்கிற வாசனை பிடிக்கவில்லை என்றால் அதைப் போய் யாரிடம் சொல்வது? யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பாதம் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. உடம்பெல்லாம் அரித்தது. ராத்திரி சொறிந்து சொறிந்து சேலையில் ரத்தக்கறை பட்டதைப் பார்த்துவிட்டு, கணேசன் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே காத்திருப்பதுதான் பாதி நோய். கேஸ் பேப்பர் என்கிற நோயாளிச் சீட்டு எடுக்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, ஸ்கேன் எடுக்க இன்னொரு பெஞ்சு. வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை உருட்டினார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒன்று ஏறியிருந்தது. அது உடம்பில் அன்றாடம் சேருகிற கழிவு. அதை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. குப்பை அள்ளுகிற ஆள் வேலையை விட்டுப் போய்விட்டால் சந்து என்ன ஆகுமோ, அதுதான் என் ரத்தத்துக்கும் ஆகியிருந்தது.

இடது கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்தார்கள். தொட்டுப் பார்த்தால் உள்ளே வண்டு ஒன்று அடைபட்டுக் கிடக்கிற மாதிரி ரீங்காரம் இருக்கும். அந்த இடத்தில் இரண்டு தடித்த ஊசி குத்தி, ஒன்றின் வழியாக ரத்தத்தை வெளியே எடுத்து, மிஷினில் ஒரு குழலுக்குள் ஓடவிட்டுக் கழுவி, மற்றதன் வழியாக உள்ளே விடுவார்கள். இதற்குப் பெயர் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். மாட்டுங்கா பக்கத்தில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற சென்டரில் எனக்குச் செவ்வாயும் வெள்ளியும் இடம் கிடைத்தது. கணேசன் அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

சாப்பாட்டுக்கு என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். நான் பெஞ்சில் சாய்ந்து கிடந்தேன். சரோஜாதான் நின்று கேட்டு எழுதிக்கொண்டாள். வாழைப்பழம், தக்காளி, கீரை, இளநீர் கிடையாது. உப்பு கொஞ்சம்தான். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது. அதில் டீ, மோர், ரசம் எல்லாம் சேர்த்தி. காயைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அண்டா மாதிரி தண்ணீர் வைத்து வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்டிவிட்டு, மிச்சமிருக்கிற காயைத்தான் எனக்குப் போட வேண்டும்.

முதல் நாள் அதைப் பார்த்ததும் எழுந்து மோரிக்கே போனேன்.

"ஏட்டி, சத்தையெல்லாம் மோரியில ஊத்திட்டு எனக்குச் சக்கையவா போடுத?" என்றேன். மோரி என்றால் எங்கள் ஒற்றை அறை வீட்டின் மூலையில் பாத்திரம் கழுவுகிற, குளிக்கிற இடம்.

"கொட்டத்தான் சொல்லிருக்காங்க அத்த. அதுல பொட்டாசியம் எறங்கியிருக்குமாம்."

"எந்த டாக்டருக்குச் சமைக்கத் தெரியும்? உங்க அம்மா வீட்டுல இப்பிடித்தான் கொட்டுவியளோ?"

"எங்க அம்மாவுக்குக் கிட்னி நல்லாருக்கு அத்த" என்றாள், நறுக்குகிற கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கணேசன் சிரித்துவிட்டான். எனக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது.

சரோஜா பத்து மணிக்கு ஒரு தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போகிறவள். காலையிலேயே காயை வடித்து, வடித்த தண்ணீரை மோரி ஓரத்தில் ஆற வைப்பாள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் இளகிவிடும். அவள் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகிற கால் மணி நேரத்தில் நான் அதிலிருந்து இரண்டு டம்ளர் மொண்டு எடுத்து வைத்துக்கொள்வேன். அளவு குறைந்தது தெரியாமலிருக்கப் பச்சைத்தண்ணீரை ஊற்றி வைப்பேன். அவள் வேலைக்குப் போனதும் மிளகு, சீரகம் தட்டிப் போட்டு ரசம் வைத்துக் குடிப்பேன். உப்புப் போடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்னதில் உப்பை மட்டும் கேட்டேன்.

முதல் தடவை குடித்த அன்றைக்குத்தான், பல மாதத்துக்குப் பிறகு, நாக்கில் ருசி தெரிந்தது. சாயங்காலம் காலில் தெம்பு வந்த மாதிரி இருந்தது. வந்ததா, வந்ததாக நினைத்துக்கொண்டேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம்.

சென்டரில் எனக்கு அடுத்த படுக்கை பிலோமியுடையது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், செம்பூரில் குடியிருந்தாள். நாற்பது வயசு தாண்டியிருக்கும். எனக்கும் அவளுக்கும் ஒரே கிழமை, ஒரே நேரம். எல்லா நர்ஸையும் கேலி பேசுவாள். ஊசி குத்த வருகிற பையனிடம், "ஏ ராசா, கொசுகூட உன்னய விடப் பதமா கடிக்கும்" என்பாள். அவனுக்குத் தமிழ் தெரியாது, சிரித்துக்கொண்டே குத்துவான். ஆனால் வாரத்துக்கு வாரம் அவள் கை மெலிந்துகொண்டே வந்தது.

"வாயில வைக்க வெளங்கல ஆச்சி" என்றாள் ஒரு நாள். "எம்மவ ஜெனிதான் ஆக்குதா. பத்தாங்கிளாசு படிக்கா, பாவம். காயத் தோலுரிச்சு, ஊற வச்சு, வடிச்சு, எல்லாம் சரியாச் செய்யுதா. எனக்குத்தான் பஞ்சைத் திங்க மாதிரி இருக்கு. ரெண்டு வாய்க்கு மேல எறங்கல."

நான் சொன்னேன். தண்ணீரைக் கொட்டச் சொல்லாதே, அதில்தான் எல்லாம் இருக்கிறது என்றேன். மிளகு எவ்வளவு, சீரகம் எவ்வளவு, எப்போது இறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாற்பது பேருக்கு ஆக்கினவள் என்பதையும் சொன்னேன். அவள் இரண்டு முறை திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

"நர்சுகிட்ட வாய விட்டுராத" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? சோத்தப் பத்தி அவளுகளுக்கு என்ன தெரியும்?"

அடுத்த வாரம் படுக்கையில் ஏறும்போதே கத்தினாள்: "ஆச்சி, நீங்க மகராசி! ஒரு தட்டுச் சோறு முழுசாத் தின்னேன். ஜெனிக்குச் சந்தோசம் தாங்கல." அன்றைக்கு நான்கு மணி நேரமும் எனக்கு ஊசி குத்தின இடம் வலிக்கவே இல்லை.

நான் ரசம் வைத்துக் குடிக்க ஆரம்பித்து மூன்று வாரம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை எழுந்து நின்றேன். கால் நிற்கவில்லை. வலி ஒன்றும் இல்லை. இரண்டு காலும் நனைந்த துணி மாதிரி மடிந்துவிட்டன. உதட்டைச் சுற்றி எறும்பு ஊறியது. நெஞ்சு ஒரு அடி அடித்துவிட்டு, அடுத்த அடியை மறந்துவிட்டு, யோசித்து யோசித்து அடித்தது. சரோஜா என்னைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு சந்தின் முனைவரை இழுத்துப் போனாள். அங்கிருந்து டாக்சி.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் டாக்டர் ஓட ஆரம்பித்தார். அவர் ஓடினதைப் பார்த்துத்தான் எனக்குச் சாவு பயம் வந்தது. பொட்டாசியம் ஏறிவிட்டது, இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று கணேசனிடம் ஹிந்தியில் சொன்னார். இதயத்தைக் காப்பாற்ற ஒரு ஊசி. பொட்டாசியத்தைக் கொஞ்ச நேரம் ரத்தத்திலிருந்து ஒதுக்கிவைக்கச் சர்க்கரைத் தண்ணீரும் இன்சுலினும். மூக்கில் புகை மாதிரி ஒரு மருந்து. உடனே அங்கேயே மிஷின்.

"க்யா கிலாயா இன்கோ?" என்று டாக்டர் கேட்டார். இவளுக்கு என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று.

கணேசன் சரோஜாவைப் பார்த்துத் திரும்பினான். "என்னத்தக் குடுத்த?"

"காகிதத்துல எழுதினதத்தான் குடுத்தேன்."

"அதக் குடுத்தா இப்பிடியா ஆகும்? பழம் எதுவும் குடுத்தியா? வேலைக்குப் போற அவசரத்துல வடிக்காமப் போட்டியா?"

"இல்லங்க."

"பொய் சொல்லாத!"

என் முகத்தில் மூடி போட்டிருந்தார்கள். பேச முடியாது. ஆனால் விரலை அசைத்திருக்க முடியும். அசைக்கவில்லை. அந்த நேரத்தில் என் ரசத்தின்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை, நம்புங்கள். இவள்தான் எதிலோ தப்புச் செய்துவிட்டாள் என்று நானும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே நல்ல மழை. வார்டுக்குச் சாப்பாட்டு விஷயம் பார்க்கிற பெண் வந்தாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், சின்ன வயசு, நனைந்த செருப்போடு நின்றாள். சரோஜா தன் நோட்டைக் காட்டினாள். எந்தக் காய், எவ்வளவு நேரம் ஊறினது, எத்தனை முறை வடித்தது என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். அவள் அப்படி எழுதுகிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தப் பெண் நோட்டை முழுக்கப் பார்த்துவிட்டு, "எல்லாம் கரெக்டா இருக்கே" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா கரெக்ட்டு? சத்தெல்லாம் தண்ணியோட போகுது. அதக் கொட்டச் சொல்லுதியளே."

அவள் என் கட்டிலில் உட்கார்ந்தாள். "நீங்க சொல்றது சரிதாம்மா. காய்ல இருக்கற சத்துல பாதி தண்ணில கரையற ஜாதி. வைட்டமின்லாம் கொஞ்சம் சூட்டுல போகும், கொஞ்சம் தண்ணில போகும். நல்லா இருக்கறவா அந்தத் தண்ணியக் கொட்டவே கூடாது. நீங்க இத்தனை வருஷம் சமைச்ச விதம் ரொம்ப சரி."

நான் சரோஜாவைப் பார்த்தேன். இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்கிற மாதிரி பார்த்தேன்.

"ஆனா அதே தண்ணிலதான் பொட்டாசியமும் இறங்கறது" என்றாள் அந்தப் பெண். "அது ஒரு உப்பு. சமையல் உப்பு இல்ல, காய்க்குள்ளயே இருக்கற உப்பு. எல்லாருக்கும் அது வேணும். ஜாஸ்தியானா கிட்னி வெளில தள்ளிடும். உங்களுக்குத் தள்ள ஆள் இல்ல. வைட்டமின் மாதிரி அது சூட்டுல அழியாதும்மா. எவ்ளோ கொதிச்சாலும் அப்படியே இருக்கும். காய்லேந்து தண்ணிக்கு இடம் மாறும், அவ்ளோதான். அதனாலதான் கொட்டச் சொல்றோம். போற வைட்டமினுக்கு மாத்திரை தர்றோம். யாராவது அந்தத் தண்ணியக் குடிச்சா, கொட்டின பொட்டாசியத்தை எல்லாம் ஒரே மடக்குல குடிக்கற மாதிரி." பிறகு சரோஜாவிடம் கேட்டாள்: "வடிச்ச தண்ணிய வேற எதுக்கும் சேர்க்கறேளா?"

"இல்ல மேடம். ஆற வச்சு மோரில ஊத்திருவேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். மழை கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது.

பிலோமி நினைப்பு அந்த நிமிஷமே வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் கூடவே ஒரு கணக்கும் வந்தது. இன்றைக்குச் செவ்வாய், மத்தியானம் பிலோமி மிஷினில் ஏறிவிடுவாள், மிஷின் எல்லாவற்றையும் கழுவிவிடும், வெள்ளிக்கிழமைக்குள் நான் வீட்டுக்குப் போய்விட்டால் நேரில் காதோடு சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் சரோஜாவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். மொண்டு எடுத்ததைச் சொல்ல வேண்டும், பச்சைத்தண்ணீர் ஊற்றி நிரப்பினதைச் சொல்ல வேண்டும். நாற்பது பேருக்கு ஆக்கினவள் மருமகள் கொட்ட வைத்த தண்ணீரைத் திருடிக் குடித்தாள் என்று வார்டு முழுக்கக் கேட்கும். சொல்லவில்லை.

புதன்கிழமையும் சொல்லவில்லை. கணேசன் வந்து, இனிமேல் சரோஜா சமைக்க வேண்டாம், சயானில் யாரோ நோயாளிகளுக்கு என்றே சாப்பாடு செய்து தருகிறார்களாம், அதை வாங்கிவிடலாம் என்றான். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவன் அவளிடம் பேசவில்லை, என்னிடம்தான் சொன்னான். அவள் என் கால்மாட்டில் இருந்த போர்வையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சரோஜா மட்டும் வந்தாள். வேலைக்குப் போகவில்லை. என் பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தவள், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அத்த, நானும் மூணு நாளா யோசிச்சுப் பாக்கேன். எதுல தப்புப் பண்ணினேன்னு எனக்கு வெளங்கல. நீங்க சமையல் தெரிஞ்சவுக. நீங்களாவது சொல்லுங்க. கிழங்க இன்னும் சின்னதா வெட்டியிருக்கணுமா?"

அவள் விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துத் தோல் உரிந்திருந்தது.

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணலட்டி" என்றேன். பிறகு சொன்னேன்.

அவள் கை என் பாதத்தில் அப்படியே நின்றது. "எத்தன நாளா?"

"மூணு வாரம்."

"தெனமுமா?"

"தெனமும்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எண்ணெய்க் கையைத் தன் சேலையில் துடைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள். என்னோடு பதினோரு வருஷம் ஒரே அறையில் இருந்தவள், என்னை அறிந்தவள்.

"உங்களுக்கு ஒரு பக்குவம் தெரிஞ்சா நாலு பேருக்குச் சொல்லாம இருக்க மாட்டியளே. வேற யாருக்குச் சொன்னிய?"

பிலோமி பெயரைச் சொன்னேன். உடனே போனை எடுத்தாள். சென்டருக்குப் பேசி, பிலோமி புருஷன் நம்பரை வாங்கி, அங்கேயே நின்று போட்டாள். நீண்ட நேரம் அடித்தது. எடுத்ததும், "அண்ணாச்சி, பிலோமி அக்காட்ட உடனே பேசணும்" என்றாள். அதற்குப் பிறகு அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"செவ்வாக்கிழம தண்டவாளமெல்லாம் தண்ணி. வண்டி இல்ல, டாக்சியும் வரலயாம். நல்லாத்தான் இருக்கேன், சோறு செல்லுது, வெள்ளிக்கிழம போய்க்கிடுதேன்னு சொன்னாகளாம்." போனைப் பைக்குள் வைத்தாள். "இன்னைக்குக் காலைல எந்திரிக்கல அத்த. கட்டில்லயே உசுரு போயிருக்கு."

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் அந்த மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தவளுக்கு, மழை என்றால் வண்டி ஓடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அன்றைக்கே கணேசனிடமும் சொன்னேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டு, வெகுநேரம் கழித்து வந்து சரோஜாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள், "வீட்டுல போயிப் பேசுவோம்" என்று முடித்துவிட்டாள். வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

சாப்பாட்டுப் பெண்ணிடம் பிலோமி விஷயத்தைக் கேட்டேன். "எதனாலன்னு நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா, ஒரு டயாலிசிஸ் தவறினாலே போதும்" என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன். நானும் அதே தண்ணீரைக் குடித்துவிட்டுத்தானே அங்கே கிடந்தேன்? எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்தபின் சரோஜா என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். காயை வடித்ததும் ஆற வைப்பதில்லை. குழாய் இளகினால் இளகட்டும் என்று என் கண்முன்னாலேயே மோரியில் ஊற்றினாள். "ஊத்துதேன், பாத்துக்கோங்க" என்பாள் ஒவ்வொரு நாளும். எனக்கு அது வேண்டியதுதான்.

ஒரு மாதம் ஆனது. "செம்பூருக்குப் போவணும். என்னய ஒருதரம் கூட்டிட்டுப் போ" என்று அவளிடம் கேட்டேன். நான் அவளிடம் ஒன்று கேட்டது அதுவே முதல் தடவை.

பிலோமி வீடு நான்காவது மாடி. பிலோமியின் புருஷன் சேவியர் டெம்போ ஓட்டுகிறவர். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீங்கதான் அந்த ஆச்சியா? உங்களப் பத்திப் பேசாத நாள் கெடையாது. கடைசி மூணு வாரம் எம்பொண்டாட்டி வயிறாரச் சாப்பிட்டான்னா அது உங்க புண்ணியம்" என்று கையைக் கூப்பினார். ஜெனி உள்ளே அடுப்படியில் இருந்தாள். ஒல்லியான பெண், பிலோமியின் அதே நெற்றி.

நான் அவரை வெளி நடைக்குக் கூப்பிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரில் என்ன இருந்தது, எனக்கு எப்போது தெரிந்தது, தெரிந்தபின் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"பாப்பாதான் வச்சுக் குடுத்துச்சு" என்றார் கடைசியில், மிகவும் மெதுவாக. "தெனமும் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால அதுதான் வச்சு, அதுதான் ஆத்தி, அது கையாலதான் குடுத்துச்சு. நீங்க எங்கிட்டச் சொன்னது சரி. அதுகிட்டச் சொல்லிராதீங்க. சாகுறவரைக்கும் சொல்லிராதீங்க."

சரி என்றேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தோம். ஜெனி தட்டில் மூன்று டம்ளர் வைத்துக்கொண்டு வந்தாள். டீ என்று நினைத்தேன். மிளகு வாசனை முதலில் வந்தது.

"ஆச்சி, நீங்க அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்த ரசம். டெய்லி பப்பாவுக்கு வச்சுக் குடுக்கேன். காய்த்தண்ணி ஒரு சொட்டு வேஸ்ட் பண்றதில்ல. சரியா வந்திருக்கான்னு நீங்கதான் சொல்லணும்."

என் கை நீளவில்லை. சரோஜா எழுந்து எனக்கு வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டாள். "அத்தைக்கு இன்னைக்குத் தண்ணி அளவு முடிஞ்சு போச்சு தாயி. அவுகளுக்கும் சேத்து நானே குடிக்கேன்" என்று இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தாள். சேவியர் தன்னுடையதை எடுத்தார். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"சரியா இருக்கா ஆச்சி? வாசனைலயே தெரியுமாமே உங்களுக்கு."

"சரியா இருக்கு தாயி. மொளகு கொஞ்சம் கொறச்சுக்கோ" என்றேன்.

ஜெனி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான், பெயர்களை மாற்றிவிட்டு, இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்களில் யாருக்காவது அவள் யாரென்று தெரிந்துபோனால், அவளுக்கு வாசித்துக் காட்டாதீர்கள்.